கண்ணகிக்குக் கடற்கரை எங்கே?

“இல்லாதவனுக்கு உலாத்து எதற்கு?” என்றொரு கேள்வி நம்மவரிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. இதனைக் கேட்போர் செல்வரல்லர். செல்வர் கேட்டிருப்பின் விடையிறுத்தல் எளிது. ஏழையின் நெஞ்சம் செல்வருக்குத் தெரியாதென்று ஒரே சொல்லிற் கூறி அப்பாற் போய்விடலாம். இங்கே கேட்பவனும் ஏழை, கேட்கப்படுபவளும் ஏழை. இன்னுந் திருத்தமாகச் சொல்ல வேண்டின், சம்பளம் வாங்கிய கையோடு கடைத்தெருவிற் கூட்டாளிகளுடன் நள்ளிரவு வரை அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்பும் ஒரு கணவன், “ஒருநாள் எங்கேயாவது போய் வருவோமே” என்று வாய்திறந்துவிட்ட தன் மனைவியை நோக்கிக் கேட்கும் கேள்வி அது. அக்கேள்வியை எதிர்த்தே இன்று எழுதப் புகுகின்றோம்.

நாம் எழுதுவது உலு திராமைக் கண்முன் வைத்துக்கொண்டு. ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறக்குறைய இடைவழியில் இருப்பது இவ்வூர். முன்னர் நாற்புறமும் ரப்பர், பின்னர்ச் செம்பனை, இப்பொழுதோ பெரும்பகுதி வீடுகள் அடுக்கடுக்காய் நிற்கும் தாமான்கள். லயத்திற் பிறந்து லயத்தில் வளர்ந்தோர் பலர் இன்று தாமான் புத்ரி வங்சாவிலும் தேசா செமர்லாங்கிலும் குடியிருக்கின்றனர். சிலர் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போகின்றனர். பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளேறி, 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகின்றனர். தோட்டத்திலேயே எஞ்சியிருப்போரும் உளர். தொழில் மாறிற்று, வீடு மாறிற்று, கையிலிருக்கும் கைப்பேசி ஆண்டுக்கொருமுறை மாறுகிறது. மாறாதது ஒன்றே. ஓய்வுநாள் என்பது ஆணுக்கு ஓய்வுநாள். பெண்ணுக்கு அது வாரத்துத் துணியெல்லாம் துவைக்கும் நாள்.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் சித்திரை பிறந்ததும் உதகமண்டலம் என்றும் கொடைக்கானல் என்றும் எழுதத் தொடங்கிவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே ஆண்டு முழுதும் கோடை, மாலையில் மழை. ஆகவே கோடைக்கென்று ஒரு பயணம், அதற்கென்று ஒரு செலவு என்று கலங்க வேண்டுவதில்லை. வேண்டுவது ஒரு நாளும், இருவரும், ஒரு சோற்றுக் கூடையுமே. இம்மூன்றும் எளிதிற் கிட்டாமற் போவதேன் என்பதுதான் கேள்வி.

நாம் அறிந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்கின்றோம், பெயர் வேண்டா. இருபத்திரண்டு ஆண்டு பால்மரம் வெட்டியவர். மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டபின் உரம் போடவும் உதிர்ந்த பழம் பொறுக்கவும் போனவர். மூன்று புறமும் கடல் சூழ்ந்தது ஜோகூர். ஆயினும் அவ்வம்மையார் தம் ஐம்பத்து நான்காம் வயதுவரை எதிர்க்கரை தெரியாத கடலைக் கண்டதில்லை; ஜோகூர் பாருவுக்குப் போனபொழுது பேருந்துச் சன்னல் வழியே நீரிணையைப் பார்த்ததோடு சரி. பன்முறை கேட்டிருக்கிறார். “அங்கே என்ன இருக்கிறது? தண்ணீர்தானே!” என்பது ஒவ்வொரு முறையும் கணவர் அளித்த விடை. அக்கணவர் கொடியவரல்லர், கைநீட்டியவருமல்லர், சம்பளத்தை ஒருவாறு வீட்டிற் கொடுத்தவரே. ஆனால், அவர் ஆண்டுதோறும் நண்பர்களோடு மூன்று நாள் மீன்பிடிக்கப் போகும் வழக்கமுடையவர். அவர் இறந்து, சாம்பலைக் கரைக்க மகன்மார் கடலுக்குப் புறப்பட்டபொழுது, அம்மையாரும் வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டார். பெண்கள் வருவது வழக்கமில்லை என்றனர் உறவினர் சிலர். அவர் இறங்கவில்லை. அன்றுதான் அவர் கடலைக் கண்டது. “பெரிதாகத்தான் இருந்தது” என்று மட்டும் நம்மிடம் சொன்னார்.

இதைக் கேட்டபின் நமக்கு வேறொருத்தியின் நினைவு வந்தது. புகார் நகரத்தில் இந்திரவிழா நடந்தேறி மக்களெல்லாம் கடலாடச் சென்றபொழுது கோவலனும் அத்திரி ஏறிச் சென்றான். உடன் வண்டியிற் சென்றவள் மாதவி. கடற்கரையில் இருவரும் யாழெடுத்து மாறிமாறிப் பாடியதை இளங்கோவடிகள் ஒரு பகுதி முழுதும் விரித்துரைக்கிறார். கண்ணகி எங்கே? வீட்டில். கடலோடு காவிரி கலக்கும் இடத்துப் பொய்கைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாமென்று தேவந்தி சொன்னபொழுதும் அவள் போகவில்லை. அது பெருமையன்று என்று மறுத்துவிட்டாள். அம்மறுப்பைக் கற்பின் சிகரமென்று புலவர் பெருமக்கள் போற்றுவர். நாம் அதனை வேறுவிதமாகக் கொள்கின்றோம். கணவனோடு போக வேண்டிய கடற்கரைக்கு அவனில்லாமற் போய், அவன் வரவேண்டுமென்று கும்பிட்டு வா என்றால், தன்மானமுள்ள ஒருத்தி வேறென்ன சொல்லுவாள்?

கண்ணகி கணவனோடு ஊரெல்லையைத் தாண்டியதாகக் காப்பியம் காட்டுவது ஒரே ஒரு முறை. செல்வமெல்லாம் தொலைந்தபின், விடியுமுன், ஒருவர் கண்ணிலும் படாமல், மதுரையை நோக்கி. சிறிது தூரம் நடப்பதற்குள் கால் ஓய்ந்து மூச்சு வாங்க, மதுரை எங்கேயிருக்கிறது என்று கேட்டாள் அப்பேதை. முப்பது காதம் என்றான் கோவலன். அப்பயணத்தின் முடிவை எல்லோரும் அறிவோம். செல்வமிருந்த காலத்தில் மாதவிக்குக் கடற்கரை. செல்வம் போனபின் கண்ணகிக்குக் காட்டுவழி. இதைப் படித்துப் படித்துத் தலையாட்டிய நாம், கண்ணகிக்குச் சிலை வைப்பதோடு கடமை தீர்ந்ததென்றிருந்துவிட்டோம். உலு திராமில் இன்று மாதவியின் இடத்தில் பெரும்பாலும் வேறொருத்தி இல்லை என்பதை நாமும் ஒப்புகின்றோம். அவ்விடத்தில் கூட்டாளியும் குப்பியும் இருக்கின்றனர். கண்ணகி இருக்குமிடம் மட்டும் மாறவில்லை.

நிற்க. பணமில்லை என்பது முதல் தடையாகச் சொல்லப்படுகிறது. இதனை நாம் எள்ளி நகையாட மாட்டோம். இந்நாட்டிற் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் நாளிலிருந்து மாதம் 1,700 வெள்ளியென்று உயர்த்தப்பட்டது. அத்தொகையில் வீட்டுவாடகை, வண்டித் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக எஞ்சுவது என்னவென்பதை நாமும் அறிவோம். ஆனால், கணக்குப் போடுவதென்று வந்துவிட்டால் முழுக்கணக்கும் போடவேண்டும். சட்டப்படி விற்கப்படும் சிகரெட் ஒரு பெட்டியின் விலை பத்து வெள்ளிக்கு மேல். நாளொன்றுக்கு ஒரு பெட்டி ஊதுபவன் மாதத்தில் முந்நூறு வெள்ளிக்கு மேல் புகையாக விடுகிறான். அதை எந்த வீட்டிலும் ஆடம்பரம் என்று ஒருவரும் சொல்வதில்லை. இருவர் சேர்ந்து மாதத்தில் ஒருநாள் வெளியே போய்வர நாற்பது வெள்ளி ஒதுக்குவோம் என்றால், 1,700 வெள்ளியில் அது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு, அதுதான் ஆடம்பரமாம்! ஆணின் செலவுக்குப் பெயர் “கைச்செலவு”, பெண்ணோடு சேர்ந்து செய்யும் செலவுக்குப் பெயர் “ஊதாரித்தனம்.” கணக்கில் ஓட்டையில்லை, கணக்குப் பார்க்கும் கண்ணில்தான் ஓட்டை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். வரட்டும். நம்மவர் கலியாணம் இப்பொழுது எவ்வாறு நடக்கிறது? மண்டபம், மேடை அலங்காரம், ஆயிரம் பேருக்கு விருந்து, இவற்றுக்கு முன்னதாக மணமக்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, வாடகை உடையுடுத்தி, அலையோரத்திற் கைகோத்து நிற்கவைத்துப் படம் பிடித்தல். அதற்கென்று கூலிக்கு ஒரு படக்காரர், அவருக்கு உதவியாள், முகத்துக்கு வண்ணம் பூச ஒருவர். இத்தனையும் கடன், சிலர் ஆலோங்கிடம் வாங்கிய கடன். படத்தில் அவன் அவளை நோக்கிச் சிரிக்கிறான்; அவள் அலையை நோக்கிச் சிரிக்கிறாள். அப்படத்தைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, அதன்கீழே பன்னிரண்டாண்டு கடனடைக்கிறார்கள். அப்பன்னிரண்டாண்டில் அவ்விருவரும் மீண்டும் அக்கடற்கரைக்குப் போனதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஊரார் பார்ப்பதற்காகப் போகக் காசிருந்தது. தாம் பார்ப்பதற்காகப் போகக் காசில்லை! சீர்திருத்தத் திருமணம் என்று ஐயரை நீக்கிய நண்பர்கள் சிலரும் படக்காரரை நீக்கத் துணியவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகின்றோம்.

ஏழை வெளியே போய் மகிழ்வதென்பது நம் நாட்டில் ஒருகாலத்தில் வெறும் பணப்பிரச்சினையாகவும் இருந்ததில்லை. தோட்டத்துச் சாலை யாருடையது என்பதே அன்று வழக்காக இருந்தது. அக்காலத்தில் அரசாங்கம் வகுத்த கூலி விகிதத்தில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இக்கூலியில் மிச்சம்பிடித்து ஒருவன் சைக்கிள் வாங்கினாலும், துரை எதிரே வந்தால் இறங்கி நின்று வழிவிட வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபொழுது எதையெதைக் கேட்டார்கள்? சம்பளத்தைக் கேட்டார்கள், பிள்ளைகளுக்கு நல்ல கல்வியைக் கேட்டார்கள், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அவற்றோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றார்கள். உற்றாரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக விடுங்கள் என்றார்கள். துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். கேட்டவர்கள்மேல் படை ஏவப்பட்டது. சிலர் உயிர் துறந்தனர். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இக்கோரிக்கைகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். நிர்வாகம் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. வெளியே போகும் சாலையிலோ தலைகுனியச் சொன்னது. ஏனெனில், கள்ளுக்கடைக்குப் போனவன் மறுநாட் காலை பெரட்டுக்கு வந்துவிடுவான். சாலையிற் சுற்றியவன் அடுத்த தோட்டத்துக் கூலியென்ன என்று விசாரித்து வருவான். அக்காலத் தொழிலாளர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் உயிர்கொடுத்துத் திறந்த சாலையில் அவர்களுடைய பேரன் தன் மனைவியைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போகக் கூசுகிறான். துரை மூட மறுத்த கடையையோ, சம்சுவென்றும் பீரென்றும் பெயரை மட்டும் மாற்றித் தானே கட்டிக்காக்கிறான். என்னே நம் நன்றியறிதல்!

பழைய நாளில் எல்லாம் இருட்டு என்றும் சொல்ல மாட்டோம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டிய காலமொன்று இருந்தது. லயம் முழுதும் பாயும் கச்சானுமாகத் திரளும். அன்றைக்காவது அவளும் அவனும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே கதையைப் பார்த்தார்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. அவனுக்கொரு கதை, அவளுக்கொரு கதை. “வீட்டிலேயே படம் பார்க்கலாமே, வெளியே எதற்கு?” என்பவர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே: ஒரே கட்டிலில் இருவர் முதுகு காட்டிப் படுத்து இரு கைப்பேசிகளில் இரு படங்கள் பார்ப்பதற்குப் பெயர் பொழுதுபோக்காக இருக்கலாம், இல்லறம் அன்று.

பணத்துக்கு அடுத்தபடி நேரமில்லை என்பர். இதில் ஜோகூர்த் தமிழர்க்கு உண்மையான குறையொன்று இருந்தது. 2014 ஜனவரி முதல் இம்மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியென்று வைக்கப்பட்டது. அரசாங்க அலுவலகமும் பள்ளிக்கூடமும் அந்நாட்களில் ஓய்ந்திருக்க, சிங்கப்பூருக்குப் போகும் கணவனுக்கு ஞாயிறே ஓய்வு. தனியார் தொழிற்சாலை பலவற்றிலும் ஞாயிறே ஓய்வு. அவன் ஓய்ந்திருக்கும் நாளில் பிள்ளைகள் பள்ளியில். மனைவி அரசாங்க ஊழியரானால் அவளும் வேலையில். ஒரே கூரையின்கீழ் இரண்டு வாரங்கள் ஓடின. பதினோராண்டு இவ்வாறு கழிந்தபின், 2025 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் மீண்டும் விடுமுறையாயின. நல்லது. ஒரே நாள் இருவருக்கும் வாய்த்தது. அந்த ஞாயிற்றை நாம் என்ன செய்தோம்? எத்தனை வீடுகளில் அது கணவன் பகல்வரை உறங்கவும், மனைவி இருவேளை விருந்து சமைக்கவும் கிடைத்த நாளாயிற்று! அரசாங்கம் நாட்காட்டியை மாற்றலாம். அடுக்களையில் நிற்பவர் யாரென்பதைச் சட்டம் போட்டு மாற்ற இயலுமா?

மூன்றாவது தடை ஊர்வாய். “புதுமணத் தம்பதி போல் சுற்றுகிறார்கள்” என்று சிரிப்பார்களாம். பிள்ளை பெற்ற பின்னர் கணவனும் மனைவியும் சேர்ந்து நடப்பது நாணத்தக்கதென்று எந்த நூலிற் சொல்லியிருக்கிறது? கடையத்தில் பாரதியார் வாழ்ந்த நாளில் செல்லம்மாளின் தோள்மேற் கைபோட்டுத் தெருவில் நடந்தாரென்றும், அக்கிரகாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததென்றும் சொல்வர். அவரிடம் அப்பொழுது காசு இருந்ததா? அரிசிக்கே திண்டாட்டம். செலவில்லாமற் செய்யக்கூடிய உலா அது ஒன்றே, அதைச் செய்தார். சிரித்தவர்களின் பெயர் ஒன்றேனும் இன்று நமக்குத் தெரியுமா? 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபொழுது நாகம்மையாரும் உடன் வந்தார். சிக்கனத்தில் பெரியாரை விஞ்சியவர் இல்லையென்று உலகமே சொல்லும். அவரே மனைவியின் கப்பற் செலவை வீண்செலவென்று எண்ணவில்லை.

சிரிப்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதையும் மறைத்துப் பயனில்லை. “நாங்கள் போனோமா?” என்று மாமியார் கேட்கிறார். அம்மா, நீங்கள் போகவில்லை, அது உண்மை. உங்களைக் கூட்டிப் போகாதவர்கள் இன்று உயிரோடில்லை. உயிரோடிருந்தால் உங்களுக்காக நாமே அவர்களோடு வழக்காடியிருப்போம். உங்களுக்குக் கிடைக்காதது மருமகளுக்கும் கிடைக்கலாகாது என்பது மட்டும் உங்கள் வாயில் வரவேண்டா. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிநேரம் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களையும் கூட்டிப் போகும்படி மகனிடம் நாம் சொல்கின்றோம். பிள்ளைகளோடு போவது வேறு, இருவர் மட்டும் போவது வேறு என்பதை நீங்களாவது நினைத்துப் பார்க்க மாட்டீர்களா?

“பெண்கள் கோயிலுக்குப் போகிறார்களே, தைப்பூசத்துக்குப் போகிறார்களே, அது உலா இல்லையா?” என்று கேட்கிற அன்பர்களும் உளர். போகிறார்கள். நோன்பிருந்து, குடத்தைச் சுமந்து, வெறுங்காலோடு தார்ச்சாலையில் வெந்து போகிறார்கள். நம்புகிறவர் போகட்டும். நமது கேள்வி வேறு. கடவுளைக் காட்டித்தான் ஒரு பெண் தன் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டுமா? “எனக்குக் காற்று வேண்டும், நான் கடலைப் பார்க்க வேண்டும்” என்பது போதிய காரணமாகாதா? ஆண் கடைத்தெருவுக்குப் போக எந்தச் சாமியை முன்னிட்டுக்கொள்கிறான்?

இனி, எங்கே போவதென்று கேட்பீர்கள். கோத்தா திங்கிக்குப் போகும் பேருந்து உலு திராமைத் தொட்டே செல்கிறது. அவ்வூரைக் கடந்து சில கல் தொலைவில், முந்தாஹாக் மலையடியில், லொம்போங் என்னுமிடத்தில் அருவியிருக்கிறது. சிறிய மோட்டார் சைக்கிளிற் போய்த் திரும்ப இரண்டு லிட்டர் எண்ணெய் போதும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் குடிமக்களுக்குரிய மானிய விலை லிட்டர் 1.99 வெள்ளியாக இருந்தது, கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மலையில் மழையென்றால் நீரில் இறங்கவே வேண்டா. மேலே பெய்த மழை, கீழே வெயிலடிக்கும்பொழுதே திடீரென்று சுவர்போல் வந்து அடித்துப் போகும். மலாய்க்காரர் அதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரக் கண்டால் உடனே கரையேறுக.

அருவிக்குப் போகக் காசு போதாதெனின் கோத்தா திங்கியிலேயே இறங்கி, கம்போங் மக்காமில் சுல்தான் மாமூத் சமாதியைக் காணுங்கள். 1699-இல் கொல்லப்பட்ட அரசர் அவர். கொன்றவன் அவருடைய படைத்தலைவனே என்று மலாய் மக்கள் சொல்லிவரும் கதையை நம் பெண்கள் கேட்டிருக்க வேண்டும். படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா கடற்போருக்குப் போயிருந்த நாளில், சூல்கொண்ட அவன் மனைவி டாங் அனும், அரசருக்கென்று கொண்டுபோன பலாப்பழத்தில் ஒரு சுளைக்கு ஆசைப்பட்டுத் தின்றுவிட்டாள். அதற்காக அவள் வயிற்றைக் கிழிக்கச் செய்தார் அரசர். கணவன் திரும்பி வந்து பழிதீர்த்தான், தானும் மாண்டான். ஒரு சுளை! பெண்ணின் ஆசை எவ்வளவு சிறிதாயினும் அது அரசகுற்றமாய்விடும் காலமொன்று இருந்தது. அச்சமாதியருகே மனைவியோடு நிற்கும் ஒருவனுக்கு, அவள் எதை எதைக் கேட்டாள், தான் எதை எதை மறுத்தோம் என்பது நினைவுக்கு வராமற் போகாது. இதற்குக் கட்டணமும் இல்லை.

கடலுக்குத் தேசாருவோ தஞ்சோங் பாலாவோ போகலாம். தேசாருவிற் பெரிய விடுதிகள் எழும்பியிருப்பதைக் கண்டு அஞ்சவேண்டா. கடற்கரை முழுதும் விடுதிக்காரருடையதன்று. தஞ்சோங் பாலாவில் மீனவர் காட்சியகமொன்றும் இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச்சுவரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக்கரை அலை ஆளை இழுத்துவிடும். அக்காலத்தில் பார்ப்பதோடு நின்றுவிடுக. தெற்கே ஜோகூர் பாருவில் சுல்தான் இப்ராஹிம் 1928-இல் அமைத்த விலங்குக்காட்சிச் சாலை, அரச குடும்பத்துக்கென்றே இருந்து, 1962-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தெப்ராவில் பெரும் பேரங்காடிகள் உள்ளன. வெயிற்காலத்தில் குளிர்ச்சியாக நடக்கலாமென்பது உண்மை. ஆனால், அங்கே ஒவ்வோரடியிலும் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பொருள், “உன்னிடம் நான் இல்லையே” என்று இருவரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும். சச்சரவோடு வீடு திரும்பிய தம்பதியர் பலரை நாம் அறிவோம். அருவி அவ்வாறு எவரையும் ஏளனம் செய்வதில்லை.

ஓர் எச்சரிக்கை. “நாங்கள்தான் ஆண்டுக்கொருமுறை குடும்பத்தோடு பேருந்து வைத்துக் கடற்கரைக்குப் போகிறோமே” என்று மார்தட்டும் கூட்டத்தாரை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம். நாற்பது பேர் போகிறார்கள். போய் இறங்கியதும் ஆண்கள் நிழல் தேடிப் பாய்விரித்துப் பெட்டியைத் திறக்கிறார்கள். பெண்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், கோழி வெட்டுகிறார்கள், நாற்பது பேருக்கு வடித்துக் கொட்டுகிறார்கள், பிறகு கடல்நீரில் சட்டி கழுவுகிறார்கள். கடல் அவர்களுக்குப் பயன்பட்டது அவ்வளவே. இது அடுக்களையை வண்டியிலேற்றிக் கடற்கரையில் இறக்கிய வேலை. இதற்கு உலாவென்று பெயரிட்டு நம்மை ஏமாற்ற வேண்டா.

கட்டுச்சோறு என்பது நம் முன்னோர் கண்ட நல்லதொரு சிக்கனம். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் புளிச்சோறும் தயிர்ச்சோறுமாய் உண்ட வழக்கம் அதன் மிச்சம். இருவருக்குப் புளிச்சோறு, அவித்த முட்டை நான்கு, ஊறுகாய், ஒரு குப்பியில் தண்ணீர், திரும்பும் வழியில் ஆளுக்கொரு தேத்தண்ணீர்: இதற்கு என்ன செலவாகிவிடும்? ஆனால், அச்சோற்றைக் கட்டுவது யார்? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அவளே புளிகரைத்து, அவளே தாளித்து, அவளே கட்டி, அவளே சுமந்து வருவதாயின், அவள் வராமலே இருந்துவிடலாம். முதல்நாள் இரவே கணவர் புளியை ஊறவைக்கட்டும். முட்டை அவிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கூடையைச் சுமப்பவரும் அவரே. திரும்பி வந்து கழுவி வைப்பவரும் அவரே. புளிச்சோற்றில் முதல்முறை உப்பு கூடிவிடும். அதைப்பற்றி அம்மையார் ஒன்றும் சொல்லாதிருக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம்.